டூங்காபி ஷெட்டில் ஒரு கரப்பான் பண்ணை

சிட்னி விமான நிலையத்தில் கறிவேப்பிலையைப் பறிகொடுக்காத தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். பச்சை இலை, விதை, மண் ஒட்டின சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது. அட்டையில் ‘ஆம்’ என்று டிக் போட்டு, பெட்டியைத் திறந்து காட்டி, ஊரிலிருந்து ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்ததைத் தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். வெளிநாட்டுப் பூச்சியும் பூஞ்சையும் நுழைந்துவிடக் கூடாது என்று இந்த நாட்டுக்கு அவ்வளவு பயம். அந்தக் கெடுபிடிக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற கரப்பான் பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

ஆமாம், கரப்பான்பூச்சிதான். வேண்டுமென்றேதான் வளர்க்கிறோம். இன்றைய கணக்குக்கு ஒரு ஆயிரம் இருக்கும்.

எல்லாம் மகளால் வந்தது. நாய் வேண்டாம், பூனை வேண்டாம், பியர்டட் டிராகன்தான் வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தாள். நியூ சவுத் வேல்ஸில் அதற்கு அரசு உரிமம் வாங்க வேண்டும். காட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. உரிமம் வைத்திருக்கிற ஒருவரிடமிருந்துதான் வாங்கலாம். இது இந்த மண்ணின் பிராணி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் விற்கிறவை எல்லாம் ஒரு காலத்தில் இங்கிருந்து போனவற்றின் வாரிசுகள். இன்றைக்கு வியாபாரத்துக்கு என்று ஒன்றைக்கூட வெளியே அனுப்ப முடியாது. நம்ம ஊர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான். அதே தலையாட்டல், அதே முறைப்பு. கழுத்தைச் சுற்றி முள்முள்ளாக ஒரு தாடி மட்டும் கூடுதல். கோபம் வந்தால் அந்தத் தாடி உப்பிக் கறுத்துப்போகும். அதனால் அதற்குப் பெயர் ‘தாடி’.

குட்டியாக இருந்தபோது தாடிக்குத் தினமும் பூச்சி வேண்டும். கடையில் டப்பாவில் சில்வண்டு விற்பார்கள். வாரம் இருபது டாலர் அதற்கே போனது. பாதி வீட்டுக்கு வருவதற்குள் செத்து நாறும். மிச்சம் ராத்திரி முழுக்கக் கத்தும். ஒன்று தப்பி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டால் மூன்று நாளைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அப்போதுதான் பல்லியும் பாம்பும் வளர்க்கிற ஒருவர், “பேசாம வுடீஸ் வளருங்களேன்” என்றார்.

அமெரிக்காவில் இருக்கிற வாசகர்களுக்கு டூபியா தெரிந்திருக்கும். தென் அமெரிக்கக் கரப்பான். வழுவழுப்பான சுவரில் ஏறாது, சத்தம் போடாது, ஊர்வன வளர்ப்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை. (ஃப்ளோரிடாவிலும் கனடாவிலும் அதற்குத் தடை உண்டு; அங்கே இருப்பவர்கள் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.) ஆஸ்திரேலியாவுக்குள் அது வரவே முடியாது. கறிவேப்பிலை கதைதான். எனவே இங்கே கடையில் கிடைப்பது வுடீஸ். பெயரைக் கேட்டால் ஏதோ யூகலிப்டஸ் மரத்தடியில் பிறந்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது ஆப்பிரிக்கப் பூச்சி, நௌஃபீட்டா சினீரியா. எப்போதோ கப்பலேறி உலகமெல்லாம் பரவி, இங்கேயும் இறங்கி, உள்ளூர்ப் பெயர் ஒன்றையும் வாங்கிக்கொண்டுவிட்டது. ஒரு அங்குலம் இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு. கழுத்துக்கு மேல் இருக்கிற தகட்டில் சிங்கி இறால் படம் வரைந்தது மாதிரி ஒரு கோலம். இறக்கை உண்டு, ஆனால் பறக்காது.

உலகத்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கரப்பான் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மனிதரோடு குடித்தனம் நடத்துபவை முப்பது சொச்சம்தான். அடுக்களையில் நாம் செருப்பெடுத்துத் துரத்துகிறோமே, அந்த ஜெர்மன் கரப்பானும் அமெரிக்கன் கரப்பானும் இந்த முப்பதில் சேர்த்தி. குவீன்ஸ்லாந்து பக்கம் ஒன்று இருக்கிறது, மண்ணைத் தோண்டி வாழும் காண்டாமிருகக் கரப்பான். உள்ளங்கை நிறையும். உலகிலேயே எடை கூடின கரப்பான் அதுதான். காய்ந்த யூகலிப்டஸ் இலையைத் தின்றுகொண்டு பத்து வருஷம்வரைகூட இருக்குமாம். அதை இரைக்காக இல்லாமல், ஆசைக்காகவே வளர்க்கிறவர்கள் உண்டு. நாங்கள் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை.

பண்ணை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது அறுபது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுதான். கண்ணாடி மாதிரி இருக்கக் கூடாது. வெளிச்சம் இவற்றுக்கு ஆகாது. மூடியில் ஒரு சதுரம் வெட்டி, மெல்லிய உலோக வலை ஒட்ட வேண்டும். நைலான் வலையைக் கடித்துவிடும். டூபியா மாதிரி இல்லை, வுடீஸ் கண்ணாடியிலேயே ஏறும். அதனால் உள்பக்க விளிம்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வாஸ்லின் தடவ வேண்டும். வாஸ்லின் காய்ந்ததா என்று வாரம் ஒரு முறை பார்ப்பது என் வேலை. முட்டை அட்டைகளை நிமிர்த்தி வரிசையாக அடுக்கினால் எச்சம் கீழே விழுந்துவிடும், பூச்சிகள் இடுக்குகளில் குடியிருக்கும். எங்கள் வீட்டில் முட்டை நுழைவதில்லை என்பதால் இந்த அட்டைகளைப் பக்கத்து வீட்டு ஃபிலிப்பினோ குடும்பம்தான் சேர்த்துவைத்துத் தருகிறது.

சாப்பாடு? ஓட்ஸ், பொடித்த பூனை பிஸ்கட், கேரட், சர்க்கரைவள்ளி, ஆரஞ்சுத் தோல். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் அசைவச் சாமான் அந்தப் பூனை பிஸ்கட்தான், அதுவும் கரப்பானுக்காக! கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குட்டிகள் மூழ்கிவிடும். பூந்தொட்டிக்குப் போடுகிற ஜெல் உருண்டையை ஊறவைத்து வைக்கலாம், இல்லையென்றால் கேரட்டின் ஈரமே போதும். ஈரம் மிஞ்சினால் நாற்றம், பூஞ்சை, சிற்றுண்ணி எல்லாம் வந்துவிடும். காய்ந்த பெட்டியில் வாடை அவ்வளவாக இருக்காது.

இது முட்டையை வெளியே போடுகிற சாதி இல்லை. தாய் முட்டைக் கூட்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஐந்து வாரம் சுமந்து, முப்பது குட்டிவரை உயிரோடு ஈனும். பொரிந்த குட்டிகள் அரிசிநொய் மாதிரி வெள்ளையாகத் தாயின் அடியில் கொஞ்ச நேரம் ஒண்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து நான் முதல்முறை அதைப் பார்த்தபோது மூடியைச் சட்டென்று மூடிவிட்டேன், ஏதோ பிரசவ அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி. ராத்திரி பெட்டியில் காதை வைத்தால் சில சமயம் மெலிசாக ஒரு கீச்சொலி கேட்கும். ஆண் பூச்சி பெண்ணைக் கூப்பிடுகிற சத்தம்.

இதெல்லாம் நடக்க வெப்பம் வேண்டும், 28லிருந்து 32 டிகிரி. மேற்கு சிட்னியில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். கடற்காற்று எங்கள் பக்கம் வருவதற்குள் களைத்துப்போகும். 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. அதே ஊரில் ஜூலை ராத்திரி தகர ஷெட்டுக்குள் போனால் பல் கிட்டும். கோடையில் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராவிட்டால் வெந்துவிடும். குளிரில் வெளியே விட்டால் சாகாது, ஆனால் குட்டி போடுவதை நிறுத்திவிடும். ஆகவே குளிர்காலம் முழுக்க அது துணி துவைக்கிற அறையில், டிரையருக்குப் பக்கத்தில் சுகமாக இருந்தது.

அப்படியிருக்கும்போது அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாசம் தங்க வருவதாக முடிவாயிற்று. ஜூன் மாசம், நல்ல குளிரில். அம்மாவுக்கு இழுப்பு உண்டு.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. கரப்பானின் எச்சமும், உரித்துப்போடுகிற தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அடுக்களைக் கரப்பானானாலும் ஆசையாக வளர்த்த கரப்பானானாலும் இதில் வித்தியாசம் இல்லை. வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் இந்தப் பெட்டி குடியிருக்கும் கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். இவர், “கொடுத்துடலாம், கடையிலயே வாங்கிக்கலாம்” என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, காய்கறிக் கடையில் ப்ரோக்கோலி வருமே அந்தத் தெர்மோகோல் பெட்டி, அதில் நாலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அதை வெட்டிக் கரப்பான் பெட்டியைச் சுற்றி ஒரு கூடு செய்து, அடியில் வெப்பக் கம்பி ஓட்டி, தெர்மோஸ்டாட் வைத்து, ஷெட்டிலேயே குடிவைத்தோம். வெளியே 4 டிகிரி, உள்ளே 29. எச்சம் சலிக்கிற வேலை மாசம் ஒரு தடவை, திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

ஆச்சி வந்த நாலாம் நாள் ஷெட்டுக்குள் போனாள், தேங்காய் துருவி எங்கே என்று தேடிக்கொண்டு. நான் கூச்சலுக்குத் தயாராக ஓடினேன். மூடி திறந்திருந்தது. உள்ளே தோலுரித்த கரப்பான் ஒன்று, அப்போதுதான் சட்டை கழற்றினது, பால் வெள்ளையாக நின்றது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

“ஏட்டி, இது வெள்ளையால்லா இருக்கு?” என்றாள். அவ்வளவுதான்.

கூச்சல் மறுநாள் வந்தது, வேறு இடத்திலிருந்து. தாடி சாப்பிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். மகள் இடுக்கியால் ஒரு பூச்சியைப் பிடித்து, கால்சியம் பொடியில் புரட்டி, நீட்டினாள். நாக்கு வந்து போனது, நறுக்கென்று ஒரு சத்தம்.

“சைவக்காரவுக வீட்டுல இது என்னட்டி கூத்து? அடிச்சுக் கொல்லுதது வேற. கேரட்டும் கிழங்கும் குடுத்து, கணப்புல வச்சு, புள்ள மாதிரி வளத்து இன்னொண்ணு வாயில போடுதது வேற.”

“ஆச்சி, நாமதான் சைவம். தாடி சைவம் இல்லையே” என்றாள் மகள்.

“அப்ப அதுவா தேடித் திங்கட்டும். நீ எதுக்கு நடுவுல?”

மகளுக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை. எனக்கும்தான். கூண்டில் வைத்தபிறகு அதுவாக எங்கே தேடும்? வெளியே விடுவதும் குற்றம். நாம் வைத்துக்கொண்டோம், நாம்தான் போட வேண்டும். ஆனால் ஆச்சி கேட்டது அதை இல்லையே. பொரித்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததை எடுத்துக் கொடுக்கிற கையைப் பற்றியல்லவா கேட்டாள்? ஊரில் கிடா வளர்க்கிற வீடுகளுக்கு இந்தக் கேள்வி பழசு. எங்கள் வீட்டுக்கு இது புதுசு.

இரண்டு பேரும் வாரக் கணக்கில் இதைப் பேசினார்கள். அரைகுறைத் தமிழும் அரைகுறை ஆங்கிலமுமாக. மகள் அதுவரை ஆச்சியிடம் “சாப்டியா, தூங்கினியா” என்பதைத் தாண்டிப் பேசினதே இல்லை. பாவம், இரை, பசி என்கிற வார்த்தைகளெல்லாம் அவள் வாயில் அந்த ஆறு மாசத்தில்தான் வந்தன. கடைசியில் ஆச்சி ஒரு உத்தரவு போட்டாள்: வெள்ளிக்கிழமை மட்டும் உயிர் போடக் கூடாது. கேட்டுவிட்டு மகள் சிரித்தாள். வளர்ந்த பியர்டட் டிராகனுக்கு வாரம் இரண்டு மூன்று நாள்தான் பூச்சி. மற்ற நாளெல்லாம் கீரை, பூசணி, பூ. வெள்ளிக்கிழமை அதற்கு ஏற்கெனவே கீரை நாள்தான். ஆனாலும் அவள் அதை ஆச்சியிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆச்சி செம்பருத்தி பறிக்கும்போது பிள்ளையாருக்கு நாலு, தாடிக்கு ஒன்று என்று ஆயிற்று. செம்பருத்தி என்றால் தாடிக்கு உயிர்.

பதிலுக்கு ஆச்சிக்கு நாங்கள் போட்ட தடை ஒன்றே ஒன்று, கொசுவத்தி. அந்தப் புகையும் செருகி வைக்கிற திரவமும் எல்லாப் பூச்சிக்கும் விஷம். அதே காரணத்துக்காக, வீட்டில் திரிகிற கரப்பானைப் பிடித்து ஒருபோதும் போடாதீர்கள். எங்கே என்ன மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. ஆண்டுக்கொரு முறை பூச்சிமருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால் பெட்டி அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போக வேண்டும். பெருகிப்போனவற்றை மற்ற வளர்ப்பாளர்களுக்கு ஐஸ்கிரீம் டப்பாவில் கொடுப்பது இங்கே வழக்கம். தமிழ் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் தோசைமாவு இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தயவுசெய்து சிவப்பு டேப் ஒட்டுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வந்தது. தாடியின் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்றாள் மகள். மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் ஓடுகிறதே கிரேட் வெஸ்டர்ன் ஹைவே, அதையே பிடித்துக்கொண்டு போனால் நீலமலை ஏறி இறங்கிப் பாதர்ஸ்ட். அங்கிருந்து டப்போ, நிங்கன், பிறகு பேரியர் ஹைவேயில் கோபார், வில்கேனியா, புரோக்கன் ஹில். ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒப்படைத்தோம், தாடியையும்தான். கேரட் நறுக்கிப் போட மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும், மூன்று நாள் மறந்தாலும் கரப்பான் கோபித்துக்கொள்ளாது. சில்வண்டு வளர்த்துவிட்டு ஊருக்குப் போக முடியாது. கரப்பான் வளர்த்தால் போகலாம். இது பெரிய வசதி.

டப்போ தாண்டினதும் மண் சிவக்கத் தொடங்கியது. ஆச்சி கண்ணாடியை இறக்கி, “நம்ம சாத்தான்குளம் தேரி மாதிரில்லா இருக்கு” என்றாள். கோபார் பழைய செம்புச் சுரங்க ஊர். அங்கிருந்து மேற்கே மவுண்ட் கிரென்ஃபெல் என்கிற இடத்தில் பாறை ஓவியங்கள் உண்டு. ஙியம்பா மக்களின் நிலம். 2004இல் அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ‘ங’ வரிசையில் ஒரு சொல் சொல்லச் சொல்லி வாத்தியார் கேட்டால் ‘ஙப்போல் வளை’யைத் தவிர ஒன்றும் தெரியாமல் விழித்த தலைமுறை நான். நாற்பது வயதுக்கு மேல் பலகையில் ஒரு ‘ங’வைப் பார்த்தேன். மகளுக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

வில்கேனியா போகிற வழியில்தான் அது. நேர்க்கோடு மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் கம்பிவேலி, ஆடுகள், எமு, வேறொன்றும் இல்லை. வசந்தம் பிறந்து வெயில் ஏறினதும் இவை மண்ணிலிருந்து வெளியே வந்து உயரமாக எதிலாவது ஏறிக் குளிர்காயும். உயரமாக அங்கே இருப்பது வேலிக்கம்பம்தான். மகள், “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினாள். இவர் நிறுத்தின இடத்திலிருந்து இருபதடி தூரத்தில், சாம்பல் பூத்த கம்பத்தின் உச்சியில், செங்காவி நிறத்தில் ஒன்று. எங்கள் தாடி வெளிர் மஞ்சள். இது மண்ணிலிருந்து பிசைந்து எடுத்த மாதிரி இருந்தது. தொடக் கூடாது, கிட்டே போகவும் கூடாது என்று சொல்லித்தான் இறக்கினோம்.

ஆச்சி காருக்குள்ளிருந்தபடியே பார்த்தாள். “வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டாம்னு சொல்லுவாவ. அது இங்கதான் போலுக்கு.”

அது எங்களைப் பார்த்து இரண்டு தடவை தலையாட்டியது. பிறகு நிதானமாக இறங்கி, கம்பத்தடியில் எறும்புச் சாரை போன இடத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. அவசரமே இல்லை. ஒரு ஐந்து நிமிஷம். நடுவில் பெரிய பூச்சி ஒன்று புல்லிலிருந்து எழும்ப, ஒரு பாய்ச்சல்; பிடிக்க முடியவில்லை. திரும்ப எறும்புக்கே வந்தது.

“இதுக்கு யாரு பொடி தடவுதா?” என்று ஆச்சி கேட்டாள்.

மகள் வெயிலைக் காட்டினாள். தமிழில்தான் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி: வெயில் தோலில் பட்டால் எலும்புக்கு வேண்டியது கிடைக்கும், பலவிதப் பூச்சியும் இலையும் கிடைக்கும், அதனால் பொடி வேண்டாம். நம்ம வீட்டில் வெயிலுக்குப் பதில் அந்த நீல விளக்கு, பலவிதப் பூச்சிக்குப் பதில் பெட்டி. “அது பிடிக்கலன்னா பட்டினி, ஆச்சி. தாடி என்கிட்டதான் கேக்கும். அதான் நான் நடுவுல.”

ஆச்சி கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, வண்டியில ஏறு, வெயிலு” என்றாள்.

புரோக்கன் ஹில்லில் இறங்கினபோது இருட்டிவிட்டது. அந்த ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரத்தைத் தெற்கு ஆஸ்திரேலியாவோடு வைத்திருக்கிறது, சிட்னியைவிட அரை மணி பின்னால். மோட்டலில் பையைக்கூட வைக்கவில்லை, ஆச்சி ஃபோனை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

“அங்க மணி ஏழரை ஆயிருக்கும்லா. அந்தப் பையன் தூங்குததுக்கு முன்ன கேளு, கேரட் போட்டானான்னு. நாளைக்கு வெள்ளிக்கிழமைன்னும் சொல்லு.”